விரல் இடுக்கில் தொடங்கும் வேலை

எனக்கு ஒரு பத்தரைத் தெரியும். கும்பகோணம் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஏழெட்டு முறை அவருக்குப் போன் போடுவேன். "அண்ணே, ஒரு மெட்டி இருக்கு" என்பேன். மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். நுனி வளைந்த சின்னக் கத்தரியையும் மெல்லிய தகடு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிடுவார். வீங்கிய கால்விரலின் சதைக்குள் புதைந்துபோன மெட்டிக்கு அடியில் அந்தத் தகட்டை நுழைத்து, தோலில் கீறல் விழாமல் வெள்ளியை மட்டும் வெட்டி எடுப்பார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார்.

வெட்டிய மெட்டியைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெண்களும் உண்டு. "அவுக உசிரோட இருக்கும்போதே கழட்ட வெச்சிட்டீங்களே சிஸ்டர்" என்று என்மேல் பாய்கிறவர்களும் உண்டு. பாயட்டும். மெட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குள் வெள்ளையாக நமுத்துப்போன தோல். அதிலிருந்து ஒரு வாடை. என் வேலை அந்தப் பள்ளத்தில்தான் தொடங்குகிறது.

நான் நர்ஸ். 1994-ல் படிப்பை முடித்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் அறுவை சிகிச்சை வார்டில் ஓடியது. அதன்பிறகு நிணநீர் வீக்கத்துக்கான சிகிச்சையைத் தனியாகக் கற்றுக்கொண்டேன். பதினேழு வருஷமாக இது ஒன்றுதான் வேலை. என் அறையில் மானிட்டர் இல்லை, குளுக்கோஸ் ஸ்டாண்டு இல்லை. ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் டப், ஒரு இஞ்ச் டேப், அலமாரி நிறையச் சுருட்டி வைத்த கட்டுத்துணி. மொட்டை மாடியில் துணி காய நாலு கொடி. புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகள் என் அறையைச் 'சலவைக்கடை' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். தப்பில்லை. பாதி வேலை சலவைதான்.

எங்கள் ஊருக்கு வெற்றிலைக்கும் காபிக்கும் பேர் இருப்பதுபோல, ஒரு காலத்தில் ஆனைக்காலுக்கும் பேர் இருந்தது. வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே முதலில் காலைப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நடந்து வரச் சொன்னது கொலுசுச் சத்தம் கேட்க இல்லை, புடவைக் கரைக்குக் கீழே கணுக்காலைப் பார்க்கத்தான் என்று என் பாட்டி சொல்வாள். அந்தப் பார்வைக்குப் பயந்து காலை மறைத்துப் பழகியவர்கள் கடைசியில் தாங்களே தங்கள் காலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் சிகிச்சை கொடுப்பது வீக்கத்துக்கு. அதைவிடக் கஷ்டமானது, அவர்களைக் குனிந்து தங்கள் காலைப் பார்க்கவைப்பது.

இது என்ன வீக்கம் என்று கேட்டால், டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பாசன வாய்க்கால். மிஞ்சின தண்ணீரைக் கொண்டுபோவது வடிகால். உடம்பில் ரத்தக்குழாய் வாய்க்கால், நிணநீர்க்குழாய் வடிகால். ரத்தத்திலிருந்து நாளெல்லாம் நீர் கசிந்து தசைக்கும் தோலுக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் மிஞ்சுவதில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர், புரதத்தையும் கழிவையும் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய்களில் இறங்கி, வழியில் நெறிக்கட்டிகளில் வடிகட்டப்பட்டு, பெரும்பகுதி இடது காரை எலும்புக்குப் பின்னால் ரத்தத்தோடு போய்க் கலக்கிறது. இதற்கு இதயம் மாதிரி தனியாக ஒரு மோட்டார் கிடையாது. குழாய்கள் தாமாகவே சுருங்கி விரிய வேண்டும், தசை அசைய வேண்டும், மூச்சு ஏறி இறங்க வேண்டும். குழாய்க்குள் வரிசையாக மதகுபோலச் சின்னச் சின்ன வால்வுகள். மதகு பழுதானால் தண்ணீர் திரும்பி வரும். வெங்காயத்தாமரை மண்டிய வடிகாலுக்குப் பக்கத்து வயல் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிர் அழுகும். காலும் அப்படித்தான்.

பைலேரியா என்கிற யானைக்கால் நோயில் அந்த வடிகாலுக்குள் குடியிருப்பது ஒரு புழு. நூல்போல மெலிசாக இருக்கும். பெண் புழு எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை நீளும். ஐந்தாறு வருஷம், சிலசமயம் அதற்கு மேலும் உயிரோடு இருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். சாக்கடைத் தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு இந்தக் குட்டிப் புழுக்களை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கடத்துகிறது. கொசு ராத்திரியில் கடிக்கும் என்பதால் குட்டிப் புழுக்களும் ராத்திரியில்தான் தோலோரத்து ரத்தத்துக்கு வரும். பகலில் உள்ளே நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும். அதனால்தான் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பைலேரியாக்காரர்கள் ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டி டார்ச் விளக்கோடு வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தூக்கத்தில் எழுப்பி ஊசி குத்துகிறவர்கள் என்று அவர்களைக் கண்டாலே ஓடுவோம். மனித ரத்தத்தில் இந்தக் குட்டிப் புழுவை முதலில் பார்த்துச் சொன்னவர் திமோத்தி லூயிஸ், 1872-ல் கல்கத்தாவில். கொசு இதற்குள் வருகிறது என்று கண்டவர் பாட்ரிக் மேன்சன், 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள முடிச்சை ரொனால்டு ராஸ் அவிழ்ப்பதற்கு இருபது வருஷம் முன்பே இது தெரிந்துவிட்டது.

ஒரு தடவை கடித்ததும் கால் வீங்கிவிடாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடிபட்டால்தான் நோய் நிலைக்கும். சின்ன வயதில் தொற்றி, இருபதிலோ முப்பதிலோ வீக்கம் தெரியவரும். வீக்கம் தெரியவரும் நேரத்தில் பலருக்குப் புழு செத்தே போயிருக்கும். வடிகால் மட்டும் நிரந்தரமாகப் பழுதாகிக் கிடக்கும்.

என் ஆதங்கமும் இந்த இடத்தில்தான். நம் நாட்டில் பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் வந்தது. 2004-லிருந்து நோய் உள்ள மாவட்டங்களில் ஊர் முழுக்க வருஷத்துக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். பெரிய வேலை அது, குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் இளவயதில் புதிதாகக் கால் வீங்கி வருகிறவர்களை இப்போது நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இலங்கை 2016-லேயே இதை ஒழித்ததற்கான உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தை வாங்கிவிட்டது. ஆனால் மாத்திரை காப்பாற்றுவது இனி நோய் வரக்கூடியவர்களை. ஏற்கெனவே வீங்கிய காலோடு வாழ்கிறவர்கள் உலகத்தில் 1.5 கோடிப் பேருக்கு மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்கள் காலை யார் தொட்டுப் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்தவர்கள் வாசலோடு போய்விட்டார்கள்.

இதே புழுவால் ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓதம் என்பார்கள். உலகத்தில் 2.5 கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. வேட்டியை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு முப்பது வருஷம் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால்வீக்கம் போல இல்லை இது. ஒரு சின்ன அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும். வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். அவ்வளவுதான்.

சரி, கால். போன வருஷம் திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபத்திரண்டு வயது, நடவுக் கூலி. பத்தொன்பது வயதில் தொடங்கிய வீக்கம். கட்டிலில் உட்கார்ந்தவர் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்க மாட்டேன் என்றார். "நான் கீழேயிருந்து ஆரம்பிக்கிறேன் பெரியம்மா, மேலே அப்புறம் பாத்துக்கலாம்" என்று டப்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சிஸ்டர். நாறும்."

"அதுக்குத்தான் சோப்பு வெச்சிருக்கேன்."

இந்தக் கால் கழுவுவதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது சிகிச்சையாகவே படாது. வெந்நீர் கூடாது, சாதாரணத் தண்ணீர். வாசனை அதிகமில்லாத சோப்பு. நாரோ பிரஷோ கிடையாது, கைதான். மேலேயிருந்து கீழே, முழங்காலில் தொடங்கி மடிப்பு மடிப்பாக இறங்கி, கடைசியில் விரல் இடுக்கு. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் கால்களில் என் சுண்டுவிரல்கூட நுழையாது. மெல்லிய துணிப்பட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பல் இடுக்கில் நூல் விடுவதுபோல இடுக்குக்குள் விட்டு இழுக்க வேண்டும். முதல் டப் தண்ணீர் பழுப்பாகும். இரண்டாவது கலங்கலாகும். தண்ணீர் தெளிகிறவரை மாற்ற வேண்டும். அப்புறம் துடைப்பது. தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இடுக்கில் ஈரம் ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது. ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சை வரும், சேற்றுப்புண் வரும். சேற்றுப்புண் வெடித்த கோட்டின் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது.

உள்ளே போன கிருமிக்கு அது மாமியார் வீடு மாதிரி. வடியாத நீர், நிறையப் புரதம், எதிர்ப்பு சக்தி வந்து சேர வழியில்லாத தேக்கம். ஒரே ராத்திரியில் குளிர் நடுக்கி எடுக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் செக்கச் செவேலென்று நெருப்பாகக் கொதிக்கும். ஐந்தாறு நாளில் காய்ச்சல் இறங்கும். வீக்கம் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிடும். அடுத்த காய்ச்சலுக்கு இன்னும் கொஞ்சம். வருஷத்துக்கு நாலு தடவை என்று நாற்பது வருஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனைக்காலைப் பெரிதாக்குவது புழுவைவிட இந்தக் காய்ச்சல்தான். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் ஜெருசா ட்ரையர் என்ற டாக்டர் இதை ஊர் ஊராகச் சொன்னார். கால் வீங்கியவர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒருவர் காலை ஒருவர் பார்த்துக் கழுவப் பழக்கும் 'நம்பிக்கை மன்றங்களை' ஏற்படுத்தினார். நமக்குப் பக்கத்தில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியிலும் பரிசோதித்துப் பார்த்து, தினமும் காலைக் கழுவி இடுக்கில் மருந்து போட்டாலே காய்ச்சல் வருவது குறைகிறது என்று எழுதினார்கள். சோப்பும் தண்ணீரும் துண்டும். இவ்வளவு மலிவாக இருப்பதாலேயே யாரும் மதிப்பதில்லையோ என்று தோன்றும். அரசாங்கத்தில் டப், மக், சோப்பு, துண்டு, களிம்பு எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். அந்த டப்பில் ஆட்டுக்குத் தவிடு கரைத்து வைத்திருந்த வீட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை நானே ஒரு டப் வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாவின் காலைக் கழுவி முடித்து, ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்ளோ வெள்ளையாவா இருக்கு?" என்றார். நாற்பது வருஷமாக அவர் அதைப் பார்த்ததில்லை. அன்றைக்கே பத்தருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் அளவெடுத்தோம். பாதத்தின் நடுவில் தொடங்கி, தோலில் பேனாவால் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் சுற்றளவு எடுப்பேன். தையல்காரர் மாதிரி ஒரு நோட்டு. இந்த எண்களை வைத்துக் காலின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுவிடலாம். கண் ஏமாற்றும், டேப் ஏமாற்றாது. "குறைஞ்ச மாதிரியே இல்லையே" என்று அழுகிறவர்களிடம் நோட்டைத் திருப்பிக் காட்டினால் அழுகை நிற்கும். டேப்புக்கு முன்னால் இன்னொரு சின்னச் சோதனை உண்டு. கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பக்கம், மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். தோல் மடிந்து மேலே வந்தால் வேறு காரணமாகவும் இருக்கலாம். கிள்ளவே வரவில்லை என்றால் பெரும்பாலும் நிணநீர் வீக்கம்தான். ஸ்டெம்மர் என்பவர் சொல்லிவைத்த அடையாளம். ஒரு பைசா செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமலே 'நீர் மாத்திரை' எழுதிக்கொடுத்து வருஷக்கணக்கில் விழுங்கவைத்த சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நீர் மாத்திரை சிறுநீரைக் கூட்டும். வடிகாலில் தேங்கிய புரதத்தை அது எடுக்காது. புரதம் மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் கட்டு. ஜனங்கள் மருந்துக்கடையில் வாங்கும் கிரேப் பேண்டேஜ் நன்றாக இழுபடும் ரகம். இந்த வீக்கத்துக்கு அது உதவாது. எங்களுடையது அவ்வளவாக இழுபடாத பருத்தித் துணி. காலைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பின மாதிரி நிற்கும். படுத்திருக்கும்போது அழுத்தாது. எழுந்து நடக்கும்போது ஆடுசதை புடைத்து அந்தச் சுவரில் மோதும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நீர் மேலே ஏறும். அதனால் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தால் பாதிப் பலன்தான், நடக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய நாடா, பிறகு பஞ்சுப்படை, கணுக்கால் குழிகளில் வெட்டி வைத்த நுரைப்பஞ்சு, அதற்கு மேல் அகலம் கூடிக்கொண்டே போகும் மூன்று நாலு சுருள். கணுக்காலில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். கால் தலைகீழாக நிறுத்திய வாழைத்தண்டு மாதிரி மேலே பருத்துக்கொண்டு போனால், ஒரே இழுப்பில் சுற்றினாலே அது தானாக அமைந்துவிடும். குறுகிய இடத்தில் அழுத்தம் தானே கூடும். ஆனால் வீங்கிய கால் எங்கே அப்படி இருக்கிறது? ஒரு இடம் குழி, ஒரு இடம் மேடு. பஞ்சு வைத்து முதலில் வாழைத்தண்டாக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். கைப்பழக்கம் வர எனக்கு ஒரு வருஷம் ஆனது.

பழக்கம் வருவதற்கு முன்னால் ஒரு தப்பும் செய்தேன். அப்போது வேறு ஆஸ்பத்திரி. இரண்டு காலும் வீங்கிய ஒரு பெரியவர். இரண்டுக்கும் சேர்த்து அருமையாகக் கட்டுப் போட்டு, என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கி, உட்காரவைத்தே விடியவைத்திருக்கிறார்கள். பலவீனமான இதயம். காலிலிருந்த நீரையெல்லாம் ஒரே நாளில் அதன் தலையில் கொட்டிவிட்டேன். பிழைத்துக்கொண்டார். காலையில் கட்டை அவிழ்த்தபோது அவர் என்னைத் திட்டவில்லை, "பரவால்லம்மா" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. அன்றிலிருந்து இதயத்தைக் கேட்காமல், பாதத்தில் நாடி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்காமல் துணியைக் கையில் எடுப்பதில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தம் இறங்குவதே குறைவாக இருந்தால் இந்தக் கட்டே விரலைக் கருக்கிவிடும். காய்ச்சலும் சிவப்பும் உச்சத்தில் இருக்கும்போதும் கட்டை அவிழ்த்துவிட்டு, காலை உயர்த்தி வைத்து, டாக்டர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்தான். யூடியூபில் பார்த்துத் தானாகக் கட்டிக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

'மசாஜ்' என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் பிரான்சில் இருந்தபோது உருவாக்கிய முறை அது. தோலை மட்டும் லேசாக நகர்த்துவது. அதுவும் காலில் தொடங்காமல் கழுத்தில் தொடங்க வேண்டும். கடைமடையைத் திறக்காமல் தலைமடையில் தண்ணீரைத் தள்ளி என்ன பிரயோசனம்? நம்மவர்களுக்கு இது பிடிபடாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால்தான் வைத்தியம். "சிஸ்டர், தடவுறீங்களே ஒழிய அமுக்கவே மாட்டேங்கறீங்க" என்று ஒரு ஐயா ஒரு வாரம் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டார். என் அனுபவத்தில் இந்தத் தடவல் சுகம்தான் அதிகம். வேலையைச் செய்வது கட்டு. கையில் நேரம் குறைவாக இருந்தால் தடவலை விட்டுவிடுவேன், கழுவுவதையும் கட்டையும் விடமாட்டேன்.

எல்லாமே புழுவால் வருவதும் இல்லை. இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிக்குப் பாதி மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள். அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை எடுத்தும், கதிர்வீச்சுக் கொடுத்தும் புற்றை விரட்டுகிறார்கள். கைக்கு உண்டான வடிகால் அதோடு போய்விடுகிறது. அக்குளை முழுசாகச் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் சொன்னார்கள். ஓரிரண்டு கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் புது முறையில் அது இருபதில் ஒருவருக்குச் சற்று மேல். அறுவைக்கு மறுநாளே வீங்க வேண்டும் என்று இல்லை. ஒரு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் கழித்து, வளையல் இறுகுவதுதான் முதல் தகவல்.

தையல்கார அக்கா ஒருவருக்கு வலது கை. "பக்கெட் தூக்காதே, மாவாட்டாதே, வெயிட்டே தூக்காதே" என்று அவரை இரண்டு வருஷம் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தார்கள். கை வீக்கத்தைவிட, தோளே இறுகிப்போனது அவருக்குப் பெரிய தொந்தரவு. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவர் கை வீங்கிய 141 பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார். பாதிப் பேரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கவைத்தார். 2009-ல் முடிவு வந்தது. வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவது அவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. நான் அந்த அக்காவுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன். கையில் இறுக்க உறை போட்டுக்கொண்டு தூக்க வேண்டும். நாலு மாதத்தில் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கை கொஞ்சம் பிடிக்கிறது. சொல்ல மனசு வரவில்லை.

பிறவியிலேயே வடிகால் சரியாக அமையாதவர்களும் உண்டு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். இடது பாதம் மட்டும். அவன் கேட்டது ஒன்றே ஒன்று, ஸ்கூல் ஷூ. இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது. மிச்ச ஜோடியை அவன் அம்மா தூக்கிப்போடவில்லை. 'இதே மாதிரி வலது கால் பெருசா இருக்கிற பையன் வந்தா குடுங்க' என்று என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அலமாரியில் இருக்கிறது.

நடவு அம்மாவுக்கு மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றினோம். கணுக்காலில் 41 சென்டிமீட்டர் 34 ஆனது. முதல் வாரத்தில்தான் அதிகம் இறங்கும், அப்போது வருவது நீர். அதற்குப் பிறகு மிஞ்சுவது நாராக இறுகின திசுவும் கொழுப்பும். அது சுலபத்தில் கரையாது. இறங்கின அளவைக் காப்பாற்ற ஆயுசுக்கும் இறுக்கமான காலுறை போட வேண்டும். ஆயுசுக்கும் என்று சொல்லும்போது எல்லோர் முகமும் ஒரே மாதிரி மாறும். நல்ல உறைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காலுறைக்குக் கிடைத்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவில் கால் வீங்கி அடிக்கடி காய்ச்சல் வந்த 84 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் இறுக்க உறை கொடுத்தார்கள். உறை போடாதவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது, போட்டவர்களில் 15 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி எல்லோருக்கும் உறை கொடுத்துவிட்டார்கள். 2020-ல் வந்த முடிவு. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவை உறை விலையோடு யாராவது உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

அதுவரை நாங்கள் துணியைத் துவைத்துத் துவைத்துக் கட்டுகிறோம். சித்திரை வெயிலில், தொடைவரை நாலு சுற்றுத் துணியோடு உட்கார்ந்திருக்கச் சொல்வது பாவம்தான். ஈரத்துண்டை மேலே போட்டுக்கொள்ளச் சொல்வேன். சிலர் ராத்திரி அவிழ்த்துவிட்டுக் காலையில் அவசரமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். சுற்றின லட்சணத்திலேயே தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லமாட்டேன். இந்த அம்மாவுக்குக் கட்டக் கற்றுக்கொண்டது அவர் வீட்டுக்காரர்தான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாற்றின கை. முடிச்சில்லாமல் சுற்றச் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார். இரண்டாவது வாரத்தில் என்னைவிட நன்றாகச் சுருள் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் அறைக்கு ஒரு வருஷக் கணக்கு உண்டு. அது ஜனவரியில் தொடங்காது. மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் என் அறை காலியாகிவிடும். நடவு. கூலி. சேற்றில் முழங்கால்வரை நிற்கிற வேலைக்குக் கட்டோடு போக முடியாது. போகாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வராது, அந்த நாள்களின் கூலிதான் அவர்களுக்கு மிச்ச மாதங்களின் அரிசி. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒவ்வொருவராகக் குளிர்காய்ச்சலோடு, நெறி கட்டி, ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். அதனால் மே மாதக் கடைசியிலேயே ஆளுக்கு இரண்டு சோப்பு, ஒரு பழைய வேட்டித் துணி, இடுக்குக் களிம்பு என்று கொடுத்துவிடுவேன். கரையேறினதும் வாய்க்கால் தண்ணீரில் அலசிவிட்டுப் போகக் கூடாது, வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொன்னால் இந்த அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காவேரித் தண்ணியிலதானே சிஸ்டர் நிக்கிறேன், சாக்கடையிலயா?"

இந்தத் தடவை நடவு தொடங்கிய நாலாம் நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு யாருடைய நம்பரிலிருந்தோ போன். பின்னால் டிவியில் சீரியல் சத்தம். காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், கழுவிட்டேன். இடுக்கெல்லாம் அவரு லைட் அடிச்சுப் பாத்துட்டாரு. ஈரம் இல்ல."

"சரி பெரியம்மா. களிம்பு?"

"போட்டாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "மெட்டி எப்ப போட்டுக்கலாம்?"

வெட்டின பழைய மெட்டி இரண்டையும் பத்தரிடமே கொடுத்து வைத்திருக்கிறாராம், உருக்கிப் புதுசாகச் செய்துதர. எனக்கு இது தெரியாது. பத்தரும் சொல்லவில்லை.

"புதன்கிழமை வாங்க. டேப் வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."